சீனித்தம்பியின் கதிரை

றுஸ்தா மெதுவாகப் பேசுகிறவள். மெதுவாக என்றால் சும்மா மெதுவாக இல்லை. பக்கத்தில் இருக்கிற நானே "என்ன? என்ன?" என்று இரண்டு தரம் கேட்க வேண்டும். அவள் சொன்ன நல்ல யோசனைகள் எத்தனையோ, அதையே சத்தமாகச் சொன்ன இன்னொருவரின் யோசனையாகப் போயிருக்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. "பரவாயில்ல கஜே, வேலை நடந்தாச் சரிதானே" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பள்ளிவாசலையே திரும்பிப் பார்க்க வைத்தாள். 

நான் கஜேந்தினி. ஊர் பாண்டிருப்பு. வாய் கொஞ்சம் நீளம், அதை ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். வலைப்பக்கங்கள் செய்து கொடுக்கிற சின்னக் கம்பனி. முதலாளி நளீம் நானா. புரோகிராம் எழுதுவதும் அவர்தான். நான் பக்கத்தின் நிறம், எழுத்து, படம் பார்க்கிறவள். ரெலிபோன் எடுப்பதும் என் தலையில்தான். றுஸ்தா சோதிக்கிறவள்.

சோதிப்பது என்றால், அவள் ஒரு புரோகிராம் எழுதி வைப்பாள். அது தானே பிரவுசரைத் திறக்கும், தானே பெயர் அடிக்கும், பட்டனை அமத்தும், சரியான பதில் வந்ததா என்று பார்க்கும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அவளுக்கென்றே பிறந்த வேலை. அடுப்பை நிற்பாட்டிவிட்டு மூன்று தரம் திருகிப் பார்க்கிற பெண் அவள். காலையில் கந்தோர்க் கதவைத் திறந்தால், திறந்ததை நம்பாமல் ஒருக்கால் பூட்டிப் பார்ப்பாள்.

வீடு மருதமுனையில். ஒரே வளவுக்குள் மூன்று சகோதரிகளுக்கும் மூன்று வீடு. மூத்தவர்கள் இரண்டு பேரும் குடியேறிவிட்டார்கள். மூன்றாவது இவளுக்கு, சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நிற்கிறது. வீடு முடியாமல் மாப்பிள்ளை வரமாட்டார், அங்கத்தைய வழக்கம் அது. சம்பளமெல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் போய்க்கொண்டிருந்தது. இந்த வேலை இல்லையென்றால் அந்தச் சுவர் பாசி பிடித்துப்போகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், நளீம் நானாவுக்கும் தெரியும்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்தம் செய்கிற ஒரு நிலையத்தின் பக்கம். ஊர்ப் பணக்காரர்களும் வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகளும் சேர்ந்து நடத்துகிற இடம். மெஷின் குறைவு, ஆட்கள் அதிகம். ஒவ்வொரு மெஷினுக்கும் நோயாளி சாய்ந்து இருக்க ஒரு சாய்மனைக் கதிரை. வீட்டிலிருந்தபடியே அடுத்த நாளுக்கான கதிரையைப் போனில் பதிவு செய்யலாம். அங்கே நபீஸா என்று ஒரு தாதி இருக்கிறார், நாங்கள் சிஸ்டர் என்போம். யார் யாருக்கு எந்தக் கதிரை என்று அவர் பார்க்கிறதும் எங்கள் பக்கத்தில்தான்.

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. கதிரைப் பதிவுகள் வருகிற அந்தப் பகுதியை நளீம் நானா தனியாக அடைத்துச் செய்திருந்தார். ஒரு பக்கத்துக்குள்ளேயே வேலி கட்டிய தனி வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் பார்த்தால் கண்ணுக்கு எல்லாம் தெரியும். ஆனால் றுஸ்தாவின் புரோகிராம் வெளியிலிருந்து தேடினால் வேலி மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கிற பெயரோ பட்டனோ அதற்கு இல்லாத மாதிரி. இப்படி அடைப்பதில் இரண்டு வகை உண்டாம். ஒன்று, கடப்படி வைத்த வேலி. முறையாகக் கேட்டால் புரோகிராம் உள்ளே போகலாம். மற்றது கடப்படியே இல்லாதது. நளீம் நானா செய்தது இரண்டாவது.

"நளீம் நானா, ஒரு கடப்படி வெச்சித் தாங்க. உள்ளுக்கு ஆர்ர பேர் இரிக்கி எண்டு என்ட டெஸ்டுக்குத் தெரியுதில்ல" என்று றுஸ்தா கேட்டாள். அவளுக்கு அதுவே பெரிய சத்தம்.

"வைக்கேலாது புள்ள. நோயாளிகள்ர விசயம். வெளியால இரிந்து ஒருத்தரும் கை வெக்கப்படாது. அதானே பாதுகாப்பு?"

"டெஸ்டுக்குக் கண் தெரியாட்டி அது என்னத்தைப் பாக்கிற?"

"நீ கெட்டிக்காரி. ஒரு வழி கண்டுபிடி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிப்போடுகிற இந்த ஆண்களை என்ன செய்வது? நான் சண்டை பிடித்தேன். றுஸ்தா பிடிக்கவில்லை. வழி கண்டுபிடித்தாள்.

வேலிக்குள் பார்க்க முடியாதென்றாலும் விசைப்பலகையால் போகலாம். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவுகிற விசையை அமத்த அமத்தக் கடைசியில் உள்ளே போய் விழும். ஆகவே அவளுடைய சோதனை இப்படி ஓடியது. முதலில் ஒரு பொய் நோயாளியின் பெயரில் கதிரை பதியும். உள்ளே பெயர் வந்துவிட்டதா என்று பார்க்கக் கண் இல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் சும்மா நிற்கும். பிறகு தாவித் தாவி உள்ளே போய், ஆகக் கடைசியாக வந்த பதிவுக்கு இறங்கி, அதை அழிக்கும். மிச்சக் கதிரைகளின் எண்ணிக்கை ஒன்றால் கூடினால் பச்சை. கடைசியாகப் பதிந்தது தன்னுடைய பொய் நோயாளிதானே, வேறு யாராக இருக்கப்போகிறது?

அந்தப் பொய் நோயாளிக்கு அவள் வைத்த பெயர் சீனித்தம்பி. எங்கள் ஆட்களிலும் சீனித்தம்பி இருப்பார், அவர்கள் ஆட்களிலும் இருப்பார், ஒருத்தருக்கும் கோபம் வராது என்றாள். ரெலிபோன் நம்பருக்குக் கந்தோர் நம்பரைப் போட்டாள். கந்தோர் சனி, ஞாயிறு பூட்டு.

இதை நோயாளிகள் பாவிக்கிற உண்மையான பக்கத்திலேயே ஓடவிடுவதா என்று நீங்கள் கேட்பீர்கள். றுஸ்தாவும் கேட்டாள். அதற்கு நளீம் நானாவிடம் பதில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் கல்முனையில் கடை பூட்டிவிடும், தெரு வெளித்துவிடும், ஊர் முழுக்கப் பள்ளியில் இருக்கும். "அந்த நேரம் ஒரு காக்கா குருவி அந்தப் பக்கத்துக்கு வராது" என்றார். ஆகவே கிழமைக்கு ஒருக்கால் திருத்தங்களைப் பாங்கோடு ஏற்றிவிட்டு, போனை மேசை லாச்சிக்குள் போட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்குவார். அவருடைய கணினியில் றுஸ்தா சோதனையை ஓடவிடுவாள். ஒரே சோதனை மூன்று பிரவுசரில், ஒன்றன் பின் ஒன்றாக. அவர் தொழுது வருவதற்குள் மூன்றும் பச்சை.

ஊர் முழுக்கப் பள்ளியில் இருக்கும் என்றாரே, அந்த ஊரில் பெண்கள் சேர்த்தியா இல்லையா? எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

அந்த வெள்ளியும் அப்படித்தான். பாங்கு சொல்லி, நளீம் நானா இறங்கி, முதல் பிரவுசர் ஓடி முடிந்து பச்சை வந்தது. நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறேன், ரெலிபோன் அடித்தது.

"ஹலோ, இது அந்தக் கதிரை பதியிற கம்பனியா?"

ஒரு பெண். மூச்சு வாங்கக் கதைத்தாள்.

"ஓம், சொல்லுங்க."

"என்ட புருசன்ட பேர நீங்க ஏன் அழிக்கிறீங்க?"

நான் ஸ்பீக்கரைப் போட்டேன். "நாங்க ஒருத்தர்ர பேரையும் அழிக்கிறல்ல. ஆர் கதைக்கிறீங்க?"

"மர்ஷூதா. என்ட மாப்பிள்ள பர்ஸான். புதனுக்கும் சனிக்கும் அவருக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். சனிக்கு நான்தான் பதியிற. இதோட மூணாவது வெள்ளி. பதிஞ்ச எண்டு பச்சையாக் காட்டுது. கொஞ்சத்தால பார்த்தா பேர் இல்ல. இண்டைக்கு நான் போனக் கையில வெச்சிப் பார்த்துக்கிட்டே இரிந்த. என்ட கண்ணுக்கு முன்னாலயே போன பேர்! திருப்பிப் பதிஞ்சாலும் அழியும் எண்டுதான், பக்கத்துக்கு அடியில இரிந்த இந்த நம்பருக்கு அடிச்ச நான்."

"இண்டைக்குக் காலமயே பதிஞ்சிருக்கலாமே, அக்கா?"

"எனக்கேது போன்? அவர் ஆட்டோ ஓடுறவர். ஏலாம இரிந்தும் ஓடுறார். போன் நாள் முழுக்க அவர்ர கையில. பாங்கு சொன்னாத்தான் வீட்டில வெச்சிட்டுப் பள்ளிக்குப் போவார். எனக்குப் போன் கிடைக்கிற அந்த நேரந்தான்."

நான் றுஸ்தாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

"ரெண்டு சனியும் போய்க் கிறுகி வந்த நாங்க. பேர் இல்ல, கதிரை இல்ல எண்டு அனுப்பிட்டாங்க. இவர் நான் பதியவே இல்ல, பொய் சொல்றன் எண்டு என்னோட கதைக்கிறதையே விட்டுட்டார். அவர்ர ராத்தா எனக்கு முன்னாலயே கேக்கா, 'தம்பிய மவுத்தாக்கப் பாக்கியா' எண்டு." அதுவரை கோபமாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "காலெல்லாம் வீங்கியிரிக்கி. இரவைக்குப் படுக்க ஏலாம குந்திக்கிட்டே இரிக்கார். நாளைக்கும் கதிரை இல்லாட்டி நான் என்ன செய்ற, தங்கச்சி?"

நான் என்னமோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். றுஸ்தா என் தோளைப் பிடித்தாள்.

"கஜே, அழிச்சது நான். என்ட டெஸ்ட்."

"விசரா உனக்கு?"

"பாங்கோட நான் சீனித்தம்பியைப் பதியிறன். பாங்கோட இவங்க புருசனைப் பதியிறாங்க. ஒரு நிமிசத்தால கடைசிப் பேரை அழி எண்டு சொல்லி வெச்சிரிக்கன். கடைசிப் பேர் சீனித்தம்பி இல்ல. இவங்கட மாப்பிள்ள. ஆரை அழிக்கிறம் எண்டு அதுக்குத் தெரியாது. ஒண்டு கூடினாப் பச்சை."

சொல்லி முடிக்கவில்லை, இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. இரண்டாவது பிரவுசர்! நளீம் நானாவின் கணினியில் இந்நேரம் அது திறந்து, பெயர் அடித்து முடித்து, அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரம் ஊரில் எத்தனை பெண்களின் கையில் போன் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? ஒரு நிமிடம் முடிந்தால் கடைசியாக இருக்கிற பெயர் போகும்.

றுஸ்தா ஓடிப்போய் மௌஸைப் பிடித்தாள். தொடாமல் விட்டதில் திரை தானாகப் பூட்டியிருந்தது, நளீம் நானாவின் கடவுச்சொல் கேட்டது. நான் நளீம் நானாவுக்கு அடித்தேன். அவருடைய மேசை லாச்சிக்குள்ளேயே போன் அதிர்ந்தது. அட, சனியனே! றுஸ்தா சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். கணினி நிற்கவில்லை, கீழே இருந்த பற்றரிப் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு அதற்கு உயிர் கொடுத்தது. அவள் மேசைக்குக் கீழே தவழ்ந்துபோய், கணினியின் முதுகில் இருந்த வயரைப் பிடித்து இழுத்தாள். திரை கறுத்தது. மேசைக்கு அடியில் அப்படியே இருந்துவிட்டாள். 

"ஹலோ? ஹலோ?" என்று மர்ஷூதா ரெலிபோனில் கத்திக்கொண்டிருந்தாள். "அக்கா, வைக்காதீங்க, லைன்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு என் போனில் நிலையத்துக்கு அடித்தேன். நபீஸா சிஸ்டர் எடுத்தார்.

"சிஸ்டர், நாளைக்கு ஒரு கதிரை கட்டாயம் வேணும்."

"எல்லாம் நிறைஞ்சிட்டும்மா. நான் எங்க போற? இந்தச் சனிக்கிழமைக்கு ஒரு சாபம். ரெண்டு கிழமையா ஒரு மனிசன் பேரைப் பதிஞ்சிட்டு வாறதே இல்ல. நம்பருக்கு அடிச்சா ஒருத்தரும் எடுக்காங்கல்ல. தூரத்து ஆளோ, பஸ் கிடைக்கல்லியோ எண்டு கதிரையை வெறுமனே வெச்சிக்கிட்டு இரிந்த நான். பேர் போட்ட ஆளுக்குத்தான் கதிரை எண்டு மேல சட்டம் போட்டிரிக்காங்களே. இன்னொராளை ஏத்துவம் எண்டு நினைக்கக்குள்ள நேரம் போயிரிம். இந்தா, நாளைக்கும் அவர்ர பேர் நிக்கிது."

"என்ன பேர் சிஸ்டர்?"

"சீனித்தம்பி."

றுஸ்தா மேசைக்கு அடியிலிருந்து எழும்பி நின்றாள். நான் சொல்லத் தேவையில்லை, அவளுக்குக் கேட்டது. பர்ஸானைக் கதிரை இல்லை என்று திருப்பி அனுப்பிய இரண்டு சனிக்கிழமையும் ஒரு கதிரை வெறுமையாக இருந்திருக்கிறது. இல்லாத ஒரு மனிதனுக்காக ஒரு தாதி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கடவுளே என்று இருந்தது எனக்கு.

றுஸ்தா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "சிஸ்டர், சீனித்தம்பி எண்டு ஒராள் இல்ல. பிறகு விளக்கமாச் சொல்றன். அந்தக் கதிரை பர்ஸானுக்கு. அவருக்குக் கால் வீங்கியிரிக்கி, படுக்க ஏலாதாம், குந்திக்கிட்டே இரிக்காராம்."

மறுபக்கத்தில் சிஸ்டரின் குரல் மாறியது. "குந்திக்கிட்டா? சனிக்கு ரெண்டு தரம் தவறின ஆளா? நாளைக்குச் செரிவராது புள்ள. நுரையீரலுக்குத் தண்ணி ஏறிட்டு. இப்பவே கொண்டு வாங்க. ஜும்ஆவுக்காக ஒரு மெஷின் ஓய்வில இரிக்கி, நான் தயார் பண்றன். சுறுக்கா!"

றுஸ்தா மற்றப் போனுக்குத் தாவினாள். "ராத்தா, உங்கட மாப்பிள்ள எங்க?"

"பள்ளியில. மார்க்கட்டுக்குப் பின்னால உள்ள பள்ளி. போகாதீங்க எண்டு கெஞ்சின நான். ஜும்ஆவை விடமாட்டன் எண்டு போயிட்டார். ஏன்? என்ன?"

"வெளிக்கிட்டு வாங்க. நாங்க பள்ளியடிக்குப் போறம். அவரை எப்படி அடையாளம் பிடிக்கிற?"

"கீழ இரிக்க ஏலாது, கதிரையிலதான் இரிப்பார். கால் வீங்கினதால என்ட தம்பிட நீலச் செருப்பைப் போட்டிரிக்கார். பெரிய செருப்பு."

றுஸ்தாவின் ஸ்கூட்டியில் ஏறினோம். தெருவில் ஒரு குஞ்சு இல்லை. கடைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு வெறும் தெரு! நளீம் நானா சொன்னது சரிதான் என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பள்ளியடியில் வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது, நாங்கள் இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி பொட்டு வைத்தவள், ஜும்ஆ நேரம் ஆண்கள் நிறைந்த பள்ளிக்கு முன்னால் நிற்கிறோம் என்று. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. றுஸ்தா குனிந்து தேடினாள். ஓரமாக ஒரு சோடி பெரிய நீலச் செருப்பு, தூணோடு ஒட்டி. நிமிர்ந்து உள்ளே பார்த்தாள். தூணுக்கு அங்கால் வயதானவர்கள், ஏலாதவர்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். அதில் ஒருவர் வயதானவர் இல்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கறுத்த முகத்தில் வேர்வை வழிந்தது. வாய் திறந்து, தோள் ஏறி ஏறி இறங்கியது.

பிந்தி வந்த ஒருவர் அவசரமாகச் செருப்பைக் கழற்றினார். றுஸ்தா அவரை மறித்தாள். "மாமா, அந்தக் கதிரையில இரிக்கிறவரை ஒருக்கா வெளியால கூட்டித் தாங்க. ஏலாத ஆள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

அவள் வழமையான குரலில் சொன்னாள். அவர் பாதிதான் கேட்டார். "குத்பா நடக்குது மகள். கதைக்கப்படாது. தொழுகை முடியட்டும், இந்தா முடிஞ்சிரிம்" என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். அவரில் பிழையில்லை. குத்பா ஓதும்போது பக்கத்திலிருப்பவனைப் பார்த்து "சும்மா இரு" என்று சொல்வதுகூடக் கூடாது, அதுவும் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் இவர்களோடு வேலை செய்கிறேன்.

உள்ளே அத்தனை பேர் இருந்தார்கள். பர்ஸானுக்கு ஒரு முழத்தில் ஆள். ஒருவரும் திரும்பவில்லை, எல்லார் கண்ணும் பிரசங்க மேடையான மிம்பரில். பத்தடிக்கு வெளியே நாங்கள். நான் கத்தியிருப்பேன். வாய் நீளமானவள் நான்தானே? ஆனால் அந்த வாசலில் எனக்கு வாய் எழும்பவில்லை. நான் கத்தினால் அது வேறு கதையாகப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

றுஸ்தா வாசற்படியில் ஏறினாள்.

"பர்ஸான் நானா!"

அப்படி ஒரு சத்தம் அவளுக்குள் இருந்ததென்று அவளுடைய உம்மாவுக்கும் தெரிந்திருக்காது. ஒலிபெருக்கி நின்றுவிட்டது. பள்ளி முழுக்கத் திரும்பியது. அத்தனை முகங்களில் நடுவில் நளீம் நானாவின் முகமும் இருந்தது, வாய் பிளந்தபடி. திரும்பாத ஆள் பர்ஸான் மட்டும்தான்.

"அவருக்கு மூச்சு ஏலாம இரிக்கி! பாருங்க அவரை! ஒராளாவது பாருங்க!" அவள் அழுதுகொண்டே கத்தினாள்.

மிம்பரில் நின்ற கதீப் கையை நீட்டினார். "கதிரையில இரிக்கிறவரைத் தூக்குங்க. பக்கத்தில உள்ளவங்க எழும்புங்க. வாகனம் உள்ள ஆள் ஆர்? கெதியா." பிறகு றுஸ்தாவைப் பார்த்து, "நீங்க முன்னுக்குப் போங்க மகள்" என்றார். அவர் குத்பாவைத் திரும்பத் தொடங்கமுதல் நாலு பேர் பர்ஸானைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். கதிரையின் ஒரு காலைப் பிடித்திருந்தவர் நளீம் நானா. மர்ஷூதா அபாயாவைப் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தாள். நீலச் செருப்பை நான் எடுத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியாது.

நிலையத்தில் நபீஸா சிஸ்டர் பர்ஸானை மெஷின் கதிரையில் சாய்த்தார். முகத்தில் ஒக்சிஜன் மூடியைப் போட்டார், ஊசியைக் குத்தினார், மெஷினைத் திருகினார். டொக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "தொழுது முடிய வந்திருந்தாத் தாங்கியிருக்க மாட்டார்" என்றார். குழாயில் இரத்தம் சிவப்பாகச் சுற்றத் தொடங்கியது. வெளியே போட்டிருந்த நீள வாங்கில் இருந்துகொண்டு நாங்கள் கண்ணாடியால் அவருடைய தோளையே பார்த்தோம். ஏறும், இறங்கும். ஏறும், இறங்கும். ஒருதரம் நின்றுவிட்டது போலிருந்தது, நான் றுஸ்தாவின் கையை நெரித்துவிட்டேன். நிற்கவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது அந்தத் தோள் சாதாரண மனிதனின் தோள் போல அசைந்தது. சிஸ்டர் வெளியே வந்து, "அல்ஹம்துலில்லாஹ், தப்பிட்டார்" என்றார்.

வருகிற வழியில் நளீம் நானாவிடம் நான் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். அவர் எங்களைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் அந்த வேலியைத் திறக்கிறன். இண்டைக்கே திறக்கிறன். சத்தியமா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இது நம்ம மூணு பேருக்குள்ள இரிக்கட்டும். மெஷின் பிழை எண்டு சொல்லுவம். வெளியால போனா இந்த வேலையும் போகும், கம்பனியும் போகும். றுஸ்தா, ஒன்ட வீட்டையும் யோசி புள்ள."

"வீட்டைக் காட்டி வெருட்டுறீங்களோ?" என்று நான் பாய்ந்தேன். "வேலியைக் கட்டினது நீங்க, பாங்கு நேரத்தைப் பிடிச்சது நீங்க—"

"கஜே, விடு" என்றாள் றுஸ்தா. அவளுடைய பழைய குரல். இருவரையும் விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

பர்ஸான் கண் திறந்திருந்தார். மர்ஷூதா கால்மாட்டில் நின்றாள். பக்கத்தில் ஒரு கதிரை கிடந்தது, அதில் இருக்கவில்லை. இவ்வளவு நடந்தும் அவர் அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"நானா" என்றாள் றுஸ்தா. "உங்களுக்கு என்னைத் தெரியாது. கதிரை பதியிற பக்கத்தைச் சோதிக்கிறவள் நான். உங்கட பொஞ்சாதி மூணு வெள்ளியும் பதிஞ்சவங்க. ஒருநாளும் மறக்கல்ல, ஒரு பொய்யும் சொல்லல்ல. ஒவ்வொரு தரமும் அதை அழிச்சது நான் எழுதின டெஸ்ட். ஆர்ர பேரை அழிக்கிற எண்டு பாக்காம அழிச்சது. என்னை ஏசுங்க, பொலிசுக்குப் போங்க, என்னெண்டாலும் செய்யுங்க. அவங்களில பிழை இல்ல."

அவர் றுஸ்தாவை நெடுநேரம் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நான் நினைத்தேன், ஏசட்டும் என்றும் நினைத்தேன். வாசலில் நளீம் நானா நின்றார், அவருக்கும் கேட்டிருக்கும். பர்ஸான் தலையைத் திருப்பிக் கால்மாட்டைப் பார்த்தார்.

மர்ஷூதா பதறிப்போய்க் கையிலிருந்த போனை அவர் பக்கம் நீட்டினாள். ஜும்ஆ முடிந்து அவர் வீட்டுக்கு வந்தால் உடனே கொடுத்துப் பழகிய கை. "இந்தாங்க மச்சான். ஒரு கோலும் வரல்ல" என்றாள்.

ஊசி குத்தாத கையை அவர் தூக்கினார். போனை வாங்கவில்லை. அவளுடைய விரல்களைப் போனைச் சுற்றி மடக்கி மூடிவிட்டார்.

"ஒன்கிட்டயே இரிக்கட்டும்" என்றார்.

இரண்டு கிழமையாக ஏச்சு வாங்கியும், செருப்பில்லாமல் ஓடி வந்தும், ரெலிபோனில் குரல் உடைந்ததைத் தவிர அழாமல் நின்ற மர்ஷூதா, பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு முகத்தை மூடி அழத் தொடங்கினாள்.